வெளிநாட்டு ஆர்டரா? உஷார்! மெயில் வந்தால் பணம் வந்ததாக அர்த்தம் இல்லை

கும்பகோணம்: "லண்டன்ல இருந்து ஆர்டர் வந்திருக்கு" என்று கேட்டால் யாருக்குத்தான் மனசு துள்ளாது? உள்ளூர் வியாபாரி பத்து ரூபாய்க்கு பேரம் பேசுகிற இடத்தில், கடல் தாண்டி ஒருவர் கேட்ட விலையை கொடுக்கிறேன் என்றால் லட்சுமி வீடு தேடி வந்ததாகத்தான் தோன்றும்.

ஆனால் அப்படி வருகிற ஆர்டர் எல்லாமே நிஜ ஆர்டர் இல்லை. பொருளை வாங்குவது போல் நடித்து, விற்கிறவரிடமே பணத்தை கறந்துகொண்டு கம்பி நீட்டும் பலே ஆசாமிகள் இன்டர்நெட்டில் வலை விரித்து காத்திருக்கிறார்கள். சிலர் நிஜமாகவே பணம் கட்டி, பொருள் கைக்கு போன பிறகு அந்த பணத்தை திரும்ப உருவிக்கொள்கிறார்கள்.

விளக்கு, பொம்மை, பட்டுச்சேலை, சணல் பை, பழைய கேமரா என்று வீட்டில் இருந்தபடியே வெளிநாட்டுக்கு விற்கும் காலம் இது. பெரிய ஏற்றுமதி கம்பெனிக்கு வக்கீல் இருக்கிறார், ஆடிட்டர் இருக்கிறார். பட்டறை வைத்திருப்பவருக்கும் வீட்டில் தையல் மெஷின் வைத்திருப்பவருக்கும் யார் இருக்கிறார்கள்? இவர்கள்தான் மோசடி பேர்வழிகளின் முதல் குறி.

எப்படி மடக்குகிறார்கள்?

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு பட்டறை வைத்திருக்கும் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். விளக்கு படத்தை இன்டர்நெட்டில் போட்டிருக்கிறார். ஒரு நாள் இரவு ஒரு மெசேஜ் வருகிறது.

"டியர் சார், நான் லண்டனில் இருக்கிறேன். மகள் கல்யாணத்துக்கு 3 அடி விளக்கு 6 ஜோடி வேண்டும். கடைசி விலை என்ன?"

இவர் 90 ஆயிரம் ரூபாய் என்கிறார். எதிராளி உடனே சம்மதம். விளக்கு எவ்வளவு எடை என்று கேட்கவில்லை. பித்தளை எத்தனை கனம் என்று கேட்கவில்லை. ஒரு ரூபாய் குறைக்கச் சொல்லவில்லை.

அடுத்து ஒரு நிபந்தனை. "என்னுடைய ஷிப்பிங் ஏஜெண்ட் வந்து விளக்கை எடுத்துக்கொள்வார். அவர் கூலி 45 ஆயிரம். அவரால் வெளிநாட்டு பணம் வாங்க முடியாது. அதையும் சேர்த்து 1 லட்சத்து 35 ஆயிரமாக உங்களுக்கே அனுப்பிவிடுகிறேன். அவர் பங்கை நீங்கள் கொடுத்துவிடுங்கள்."

பத்து நிமிடத்தில் 'பேபால்' பெயரில் மெயில். லோகோ பளபளக்கிறது. '1 லட்சத்து 35 ஆயிரம் வந்துவிட்டது. ஏஜெண்டுக்கு பணம் கட்டிய ரசீதை அனுப்பினால் உங்கள் கணக்கில் விடுவிக்கப்படும்' என்று இருக்கிறது.

"ஏங்க, பாஸ்புக்ல ஏறுச்சா?" என்று வீட்டுக்காரம்மா கேட்கிறார். "ஏறிடும், மெயில் வந்துடுச்சுல்ல" என்கிறார் இவர். வீட்டுக்காரம்மா செயின் அடகு கடைக்கு போகிறது. 45 ஆயிரம் ரூபாய் யு.பி.ஐ. மூலம் ஏஜெண்ட் சொன்ன கணக்குக்கு போகிறது.

மறுநாள் இன்னொரு மெயில். 'தொகை பெரியது. உங்கள் கணக்கின் வரம்பை உயர்த்த 18 ஆயிரம் கட்ட வேண்டும். அதுவும் சேர்த்து திரும்ப வரும்.' அதையும் கட்டுகிறார். மூன்றாவது நாள் போன் சுவிட்ச் ஆப்.

ஏஜெண்ட் வரவே இல்லை. விளக்கு பட்டறையிலேயே இருக்கிறது. போனது 63 ஆயிரம் ரூபாய். அந்த ஆசாமிக்கு விளக்கு தேவையே இல்லை. அவன் வந்தது விளக்குக்கு அல்ல, செயினுக்கு!

இது கற்பனை உதாரணம்தான். ஆனால் இதில் வரும் ஒவ்வொரு படியும் உலகம் முழுக்க அச்சு மாறாமல் நடக்கிற மோசடி. பொருள் மாறும், ஊர் மாறும், கதை மாறாது.

கோட்டை விட்டது எங்கே?

முதல் தப்பு, மெயிலை பணம் என்று நினைத்தது. மெயில் வெறும் கடிதம். யார் வேண்டுமானாலும் யார் பெயரிலும் லோகோ ஒட்டி அனுப்பலாம்.

பணம் நிஜமாகவே வந்திருக்கிறதா என்று பார்க்க ஒரே வழி, மெயிலில் இருக்கும் லிங்க்கை தொடாமல், நீங்களே தனியாக பேபால் ஆப் அல்லது இணையதளத்தை திறந்து உங்கள் கணக்குக்குள் நுழைந்து பார்ப்பதுதான். அங்கே இல்லை என்றால் எங்கேயும் இல்லை.

புதிதாக விற்பவர்களின் பணத்தை பேபால் சில நாள் நிறுத்தி வைப்பது உண்டு. அதைத்தான் மோசடி ஆசாமிகள் சாக்காக சொல்கிறார்கள். ஆனால் அப்படி நிஜமாக நிறுத்தி வைத்தாலும், தொகை உங்கள் கணக்கில் 'நிலுவை' என்று கண்ணுக்கு தெரியும். விற்கிறவர் வேறு யாருக்கோ பணம் கட்டினால்தான் விடுவிப்போம் என்று பேபால் கேட்பதே கிடையாது.

மெயில் அனுப்பியவர் முகவரியில் 'அட்' குறிக்கு பிறகு என்ன இருக்கிறது என்று பாருங்கள். பேபால் டாட் காம் என்று மட்டும் இல்லாமல் நடுவில் 'சர்வீஸ்', 'பேமெண்ட்' என்று வால் முளைத்திருந்தால் போலி. 'டியர் கஸ்டமர்' என்று மொட்டையாக அழைத்தாலும் சந்தேகப்பட வேண்டும். நிஜ பேபால் மெயிலில் நீங்கள் பதிவு செய்த பெயர் இருக்கும்.

இன்னொரு விஷயம். இந்தியாவுக்குள்ளேயே ஒருவருக்கு ஒருவர் பணம் கொடுக்கும் சேவையை பேபால் 2021 ஏப்ரல் 1 முதல் நிறுத்திவிட்டது. வெளிநாட்டு வியாபார பணம் மட்டும்தான் அதன் வழியாக வரும். ஆகவே டெல்லியிலோ மும்பையிலோ இருக்கும் ஏஜெண்ட், "நான் பேபால்ல போட்டுட்டேன்" என்றால் அது சுத்த பொய்.

இரண்டாவது தப்பு, வாங்குகிறவனுக்கு விற்கிறவர் பணம் கொடுத்தது. இதை மட்டும் மனசில் வைத்தால் பாதி மோசடி அடிபட்டு போகும்: வாங்க வந்தவன் உங்களிடம் ஒரு ரூபாய் கேட்டாலும் அவன் வாங்க வந்தவன் இல்லை. ஏஜெண்ட் கூலி, கஸ்டம்ஸ் வரி, வங்கி கட்டணம், இன்சூரன்ஸ் என்று என்ன பெயர் சொன்னாலும் சரி.

'கூட போட்டுட்டேன், திருப்பி அனுப்பு'

இது இன்னொரு ரகம். 40 ஆயிரம் ரூபாய் பொருளுக்கு 70 ஆயிரம் வந்துவிடும். "தவறுதலாக கூட அனுப்பிவிட்டேன். 30 ஆயிரத்தை இந்த கணக்குக்கு அனுப்புங்கள்" என்பான். நேர்மையான மனிதர் உடனே அனுப்பிவிடுவார். அந்த நேர்மைதான் அவனுக்கு முதலீடு.

வந்த பணம் யாரோ ஒரு அப்பாவியின் திருட்டு கிரெடிட் கார்டில் இருந்து வந்திருக்கும். கார்டு சொந்தக்காரர் வங்கியில் புகார் செய்ததும் 70 ஆயிரமும் பின்வாங்கப்படும். நீங்கள் அனுப்பிய 30 ஆயிரமும், அனுப்பிய பொருளும் போனது போனதுதான்.

அமெரிக்காவில் இதையே செக் வைத்து செய்தார்கள். அங்கே செக் போட்ட ஓரிரு நாளில் வங்கி பணத்தை எடுக்க விடும். செக் போலி என்று தெரிய வாரக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில் மிச்ச பணத்தை வாங்கிக்கொண்டு ஆள் மாயம். அமெரிக்க அரசின் வர்த்தக கமிஷன் இந்த போலி செக் மோசடி பற்றி பல வருடமாக எச்சரித்து வருகிறது.

அதிகமாக பணம் வந்தால் என்ன செய்வது? மிச்சத்தை வேறு வழியில் அனுப்பக்கூடாது. முழு ஆர்டரையும் ரத்து செய்து, பணம் எந்த வழியில் வந்ததோ அதே வழியில் 'ரீபண்ட்' பட்டனை அழுத்தி திருப்பிவிட வேண்டும். நிஜ ஆளாக இருந்தால் சரியான தொகையை மறுபடி கட்டுவார். போலி ஆள் கத்துவான், மிரட்டுவான், அப்புறம் காணாமல் போவான்.

வந்த பணமும் திரும்ப போகும்!

பலருக்கு தெரியாத விஷயம் இது. பேபாலில் பணம் கட்டியவர் 180 நாள் வரை, அதாவது 6 மாதம் வரை, பொருள் வரவில்லை என்றோ, சொன்னபடி இல்லை என்றோ புகார் செய்யலாம். கார்டில் கட்டியவர் தன் கார்டு கொடுத்த வங்கியிடமும் தனியாக முறையிடலாம். இதற்கு 'சார்ஜ்பேக்' என்று பெயர். அந்த முறையீட்டில் முடிவு எடுப்பது பேபால் இல்லை, அந்த வங்கிதான்.

இந்த வசதி நல்லவர்களை காப்பாற்ற வந்தது. வாங்குகிறவரும் நம்மைப் போல ஒரு தொழிலாளியாக இருக்கலாம். அவரையும் கல்லை அனுப்பி ஏமாற்றும் வியாபாரிகள் உண்டு. ஆனால் இதே வசதியை கத்தியாக்கி விற்கிறவர் கழுத்தில் வைக்கும் ஆட்களும் இருக்கிறார்கள். அவர்கள் தந்திரம் மூன்று வகை.

ஒன்று: 'பார்சல் வரலை'

பொருளை வாங்கி வீட்டில் வைத்துக்கொண்டே வரவில்லை என்பார்கள். செலவு மிச்சம் என்று டிராக்கிங் இல்லாத சாதா தபாலில் அனுப்பியிருந்தால் உங்களிடம் பதில் கிடையாது. பணம் அவர் பக்கம் போய்விடும்.

தபால் துறையின் சர்வதேச ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்பினால் 13 இலக்க எண் தருவார்கள். முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் 9 எண், கடைசியில் இந்தியாவை குறிக்கும் 'ஐ.என்.' என்ற எழுத்து. இந்த எண்ணை வைத்து பார்சல் எங்கே இருக்கிறது, எப்போது சேர்ந்தது என்று பார்க்கலாம். ரசீதை போட்டோ எடுத்து பத்திரப்படுத்துங்கள். தபால் ரசீது மை மங்கிப்போகும், 6 மாதம் தாங்காது.

750 டாலர் அல்லது அதற்கு மேல் உள்ள பொருள் என்றால் வாங்கியவர் கையெழுத்து போட்டு பெற்றதற்கான ஆதாரத்தையும் பேபால் கேட்கும்.

இரண்டு: 'அட்ரஸ் மாறிடுச்சு'

பணம் கட்டிய பிறகு, "நான் ஊரில் இல்லை, என் தம்பி வீட்டுக்கு அனுப்புங்கள்" என்று வேறு நாட்டு முகவரி தருவார்கள். பாவம் என்று அனுப்பினால் மாட்டினீர்கள். பணம் கட்டியபோது பதிவான முகவரிக்கு அனுப்பினால்தான் பேபால் விற்பனையாளர் பாதுகாப்பு கிடைக்கும். முகவரி மாறினால் டிராக்கிங் இருந்தும் பயன் இல்லை.

இதற்கும் அதே மருந்துதான். பணத்தை ரீபண்ட் செய்து, புது முகவரியுடன் மறுபடி கட்டச் சொல்லுங்கள். "என் ஆள் நேரில் வந்து எடுத்துக்கொள்வார்" என்றாலும் உஷார். நேரில் கொடுத்ததற்கு டிராக்கிங் ஆதாரம் இருக்காது.

மூன்று: 'சொன்ன மாதிரி இல்லை'

இதுதான் கொடுமையானது. விற்பனையாளர் பாதுகாப்பு, பொருள் வரவில்லை என்ற புகாருக்கும் கார்டு சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் கட்டிய பணத்துக்கும் மட்டும்தான் பொருந்தும். 'சொன்ன மாதிரி இல்லை' என்ற புகாருக்கு பொருந்தாது. அதனால் பலே ஆசாமிகள் இதைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள்.

நல்ல விளக்கை எடுத்துக்கொண்டு உடைந்த விளக்கை திருப்பி அனுப்புவது, அட்டைப்பெட்டியில் செங்கல்லை வைத்து அனுப்புவது, "பாதி பணம் திருப்பித்தா, இல்லைன்னா மோசமா ரிவ்யூ எழுதுவேன்" என்று மிரட்டுவது எல்லாம் இந்த ரகம். ரிவ்யூவை காட்டி பணம் பறிப்பது 'ஈபே' போன்ற தளங்களில் விதிமீறல். அந்த மிரட்டல் தளத்தின் மெசேஜ் பெட்டிக்குள் இருந்தால் புகார் செய்யலாம். வாட்ஸ்அப்பில் பேசியிருந்தால், அது எங்கள் தளத்தில் நடக்கவில்லை என்று அவர்கள் கைவிரிக்க இடம் இருக்கிறது. ஆகவே "வாட்ஸ்அப்புக்கு வாங்க" என்று இழுப்பவரிடம் போகாதீர்கள்.

ஆதாரம்தான் ஆயுதம்

விற்கிறவருக்கு இருக்கும் ஒரே கேடயம் ஆதாரம்தான். அதற்கு பைசா செலவில்லை. கையில் இருக்கும் செல்போன் போதும்.

* பொருளை நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். கீறல், நசுங்கல் இருந்தால் மறைக்காமல் விளம்பரத்திலேயே போட்டுவிடுங்கள். அதுதான் பின்னால் காப்பாற்றும்.

* உயரம், எடை, உலோகம், நிறம் எல்லாவற்றையும் எழுதுங்கள். கைவேலை என்பதால் ஒன்றுக்கு ஒன்று சிறு வித்தியாசம் இருக்கும் என்றும் எழுதுங்கள்.

* பொருளை பெட்டியில் வைத்து டேப் ஒட்டும் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். குத்துவிளக்கு மாதிரி திருகி மாட்டும் பொருள் என்றால் அடிப்பாகம், தண்டு, தட்டு, உச்சி என்று ஒவ்வொரு பாகத்தையும் காட்டுங்கள்.

* தபால் ரசீதில் பார்சல் எடை பதிவாகும். பொருள் திரும்பி வந்தால் அந்த எடையுடன் ஒப்பிட்டு பாருங்கள். போனபோது 8 கிலோ, வந்தபோது 3 கிலோ என்றால் அதுவே சாட்சி.

* திரும்பி வரும் பெட்டியை பிரிப்பதற்கு முன்பே வீடியோவை ஆன் செய்துவிடுங்கள்.

* பேபாலில் இருந்தோ விற்பனை தளத்தில் இருந்தோ புகார் மெயில் வந்தால் பயந்து ஒளியாதீர்கள். குறித்த கெடுவுக்குள் ஆதாரத்தோடு பதில் போட வேண்டும். பதில் போடாதவருக்கு எதிராகத்தான் தீர்ப்பு போகும். அந்த மெயிலும் போலியாக இருக்கலாம் என்பதால், கணக்குக்குள் நுழைந்து பார்த்த பிறகே பதில் போடுங்கள்.

* இறக்குமதி வரி யார் கட்டுவது என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். அமெரிக்காவுக்கு போகும் 800 டாலர் வரையிலான பார்சலுக்கு இருந்த வரி விலக்கு 2025 ஆகஸ்டு 29 அன்று நிறுத்தப்பட்டது. வரியை பார்த்து மிரண்டு பார்சலை வாங்க மறுப்பவர் எல்லாம் மோசடிக்காரர் இல்லை. சொல்லாமல் விட்டதால் வரும் தகராறு அது.

வெளிநாட்டு ஆள், உள்ளூர் கணக்கு

பணம் பறிப்பவன் எந்த நாட்டில் உட்கார்ந்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பது கஷ்டம். லண்டன் என்பான், பக்கத்து மாநிலத்தில் இருப்பான். இந்த மாதிரி மோசடிக்கு உலகம் முழுக்க '419' என்று ஒரு பெயர் உண்டு. நைஜீரியா நாட்டு குற்றவியல் சட்டத்தில் மோசடிக்கான பிரிவின் எண் அது. இன்றைக்கு அந்த வேலையை செய்ய அந்த நாட்டுக்காரனாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் நீங்கள் யு.பி.ஐ.யில் அனுப்பிய பணம் போய் விழுவது இந்தியாவில் இருக்கும் ஒரு வங்கி கணக்கில். கமிஷனுக்கு ஆசைப்பட்டு தன் கணக்கை வாடகைக்கு விட்ட யாரோ ஒருவரின் கணக்காக அது இருக்கும். அங்கிருந்து பணம் வேறு கணக்குக்கு தாவுவதற்கு முன்பு பிடித்தால் முடக்கலாம். அதனால்தான் நேரம் முக்கியம்.

ஏமாந்தது தெரிந்த அடுத்த நிமிடமே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் என்ற மத்திய அரசு இணையதளத்திலும் புகார் பதியலாம். உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், எதிராளியின் போன் நம்பர், மெயில், மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். மாவட்ட சைபர் கிரைம் போலீஸ் நிலையத்தில் அவை எல்லாம் தேவைப்படும்.

கம்ப்யூட்டர், செல்போன் மூலம் ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்ப சட்டம் 66 டி பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில், 1 லட்சம் ரூபாய் வரை அபராதம். முன்பு '420' என்று சொல்லப்பட்ட மோசடி குற்றம், 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 318-வது பிரிவில் வருகிறது. 7 ஆண்டு வரை தண்டனை கிடைக்கும். கணக்கை வாடகைக்கு விட்டவரும் வழக்கில் மாட்டுவார். "சும்மா கணக்கு கொடு, மாசம் அஞ்சாயிரம் தர்றேன்" என்று யாராவது கேட்டால் நம்ம ஊர் பிள்ளைகள் ஓடிவிட வேண்டும்.

ஏமாந்தவரை தேடி இரண்டாவது கும்பலும் வரும். "உங்க பணத்தை மீட்டு தர்றோம், 5 ஆயிரம் பீஸ் கட்டுங்க" என்பார்கள். அதுவும் மோசடிதான். 1930-ல் புகார் செய்ய ஒரு பைசா கட்டணம் இல்லை.

வெட்கப்பட வேண்டாம்

"படிக்காதவன்னு ஏமாத்திட்டாங்க" என்று பலர் வெளியே சொல்லாமல் குமைகிறார்கள். படித்தவர்களும் இதில் விழுகிறார்கள். வெட்கப்பட்டு நீங்கள் ஒளிக்கும் ஒவ்வொரு நாளும் அவனுக்குத்தான் லாபம். அடுத்த தெருவில் அடுத்த பட்டறைக்கு அதே மெசேஜ் போய்க்கொண்டிருக்கும்.

அதற்காக வெளிநாட்டு வியாபாரமே வேண்டாம் என்று ஒதுங்கவும் தேவையில்லை. நாச்சியார்கோவில் விளக்கும் தஞ்சாவூர் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்ற பொருட்கள். நிஜமாக ஆசைப்பட்டு வாங்குகிறவர்கள் வெளிநாட்டில் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்கள் எடை கேட்பார்கள், படம் கேட்பார்கள், பேரம் பேசுவார்கள், எப்போது வரும் என்று நச்சரிப்பார்கள். அதுதான் நிஜ வாடிக்கையாளரின் அடையாளம்.

எதுவுமே கேட்காமல், கேட்ட விலைக்கு மேலே தருகிறேன் என்று ஒருவர் வந்தால் வீட்டுக்காரம்மா கேட்ட அந்த ஒரு கேள்வியை கேட்டுப்பாருங்கள்: "பாஸ்புக்ல ஏறுச்சா?"

ஏறும் வரை பெட்டியை கட்ட வேண்டாம். செயினையும் கழற்ற வேண்டாம்.